பி-தொகுதித் தனிமங்களை எங்கிருந்து தொடங்கிப் படிப்பது

வேலூர் மாவட்டத்து அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் நடத்துகிறேன். அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போதெல்லாம் தவறாமல் என் காதில் விழும் கேள்வி ஒன்று உண்டு: “சார், பி-பிளாக்க அப்படியே சாய்ஸ்ல உட்டுடலாமா?” இப்படிக் கேட்பவர்கள் படிப்பில் நாட்டமில்லாத பிள்ளைகள் அல்லர். மின்வேதியியல் கணக்குகளைப் பிசகில்லாமல் போடுகிறவர்களும், கரிம வேதியியல் மாற்றங்களைக் கேட்டவுடன் சொல்லக்கூடியவர்களும்கூடப் பாடநூலின் இரண்டாம், மூன்றாம் அலகுகளுக்கு, அதாவது தனிம வரிசை அட்டவணையின் 13 முதல் 18 வரையிலான தொகுதிகளைச் சொல்லும் பி-பிளாக் பாடத்துக்கு, வந்ததும் முகம் சுளிக்கிறார்கள். “எல்லாமே தனித்தனியா இருக்கு சார், எதுக்கும் எதுக்கும் சம்பந்தமே இல்ல” என்பதுதான் அவர்கள் சொல்லும் குறை. இந்தக் குறைக்குப் பாதி நியாயம் உண்டு. மீதிப் பாதியைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் தேர்வுக் கணக்கைப் பார்த்துவிடலாம். எழுத்துத் தேர்வின் 70 மதிப்பெண்களில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 15. அவற்றில் விருப்பத் தேர்வு கிடையாது. இரண்டு மதிப்பெண், மூன்று மதிப்பெண் பகுதிகளில் ஒன்பது கொடுத்து ஆறு எழுதச் சொன்னாலும், ஒவ்வொரு பகுதியிலும் ஒரு வினா கட்டாயம். பாடநூலின் 15 அலகுகளில் இரண்டு முழு அலகுகளை ஒதுக்கிவிட்டுப் போகிற மாணவர், வினாத்தாளைப் பார்ப்பதற்கு முன்பே தம் விருப்பத் தேர்வையெல்லாம் செலவழித்துவிடுகிறார். நீட் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு செய்தியும் உண்டு. மத்தியப் பாடநூலைச் சுருக்கியபோது பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலிலிருந்து இந்தப் பாடத்தை எடுத்துவிட்டார்கள். ஆனால் நீட் பாடத்திட்டத்தில் 13 முதல் 18 வரையிலான தொகுதிகள் அப்படியே இருக்கின்றன. நம் மாநிலப் பாடநூலில் படிக்கும் பிள்ளைக்குக் கையில் இருக்கிற அனுகூலத்தை அவரே தூக்கி எறிவது எனக்கு ஒப்பவில்லை.

இந்த இரண்டு அலகுகளிலும் இருவகைச் செய்திகள் கலந்து கிடக்கின்றன. ஒருவகைக்குக் காரணம் உண்டு. அந்தக் காரணம் தெரிந்தால் செய்தியைத் தேர்வறையிலேயே வருவித்துக்கொள்ளலாம். மற்றவகை மனப்பாடம் மட்டுமே: நிறம், மணம், வினைவேகமாற்றி, எந்தத் தாதுவில் எது கிடைக்கிறது என்பன போன்றவை. இரண்டையும் பிரிக்காமல் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே மூச்சில் உருப்போடுகிறவர்களுக்குத்தான் எதற்கும் எதற்கும் தொடர்பில்லாததுபோல் தோன்றுகிறது. பாடநூலின் வரிசையும் இதற்கு ஒரு காரணம் என்பது என் கருத்து. போரானில் தொடங்குவது தனிம வரிசை அட்டவணைக்குச் சரியாக இருக்கலாம்; ஆனால் போரான் இந்தத் தொகுதியிலேயே மிக விசித்திரமான தனிமம், விதிவிலக்கை முதலில் நீட்டினால் விதி எப்படி மனத்தில் நிற்கும்? ஆகையால் நான் 15-ஆம் தொகுதியிலிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

நைட்ரஜன் ஏன் வாயுவாக, இரண்டிரண்டு அணுக்களாக இருக்கிறது? அதற்கு நேர் கீழே உள்ள பாஸ்பரஸ் ஏன் நான்கு அணுக்கள் கொண்ட திண்மமாக இருக்கிறது? கரும்பலகையில் ஒரு சிறு கூட்டல் போட்டால் விடை வந்துவிடும். நைட்ரஜனின் முப்பிணைப்பை உடைக்க ஒரு மோலுக்கு ஏறத்தாழ 946 கிலோஜூல் வேண்டும். நைட்ரஜன்-நைட்ரஜன் ஒற்றைப் பிணைப்புக்கோ 160 அளவுதான். முப்பிணைப்பு ஒன்றைக் கைவிட்டால் அதற்கு ஈடாக மூன்று ஒற்றைப் பிணைப்புகள் அமையும். மூன்றையும் கூட்டினாலும் 480-ஐத் தாண்டவில்லை. ஆகவே நைட்ரஜன் முப்பிணைப்பை விடுவதாக இல்லை. பாஸ்பரஸில் கணக்கு தலைகீழ். அதன் முப்பிணைப்பின் மதிப்பு ஏறத்தாழ 490, ஒற்றைப் பிணைப்பு 200. மூன்று ஒற்றைப் பிணைப்புகள் 600 தருகின்றன. எனவே பாஸ்பரஸ் முப்பிணைப்பை விட்டுவிட்டு, ஒவ்வோர் அணுவும் மற்ற மூன்று அணுக்களோடு ஒற்றைப் பிணைப்பால் சேர்ந்த நான்முகியாகிவிடுகிறது.

இந்தக் கூட்டலுக்குப் பின்னால் இருப்பது அணுவின் அளவு ஒன்றே. இரண்டாம் வரிசைத் தனிமங்களின் அணுக்கள் சிறியவை. ஆதலால் அவற்றின் பி ஆர்பிட்டால்கள் (எலக்ட்ரான்கள் உலவும் இடங்கள்) பக்கவாட்டில் நன்றாக மேற்பொருந்துகின்றன; இரட்டைப் பிணைப்பும் முப்பிணைப்பும் வலுவாக அமைகின்றன. அதே சிறிய அளவினால், இரண்டு அணுக்கள் ஒற்றைப் பிணைப்பில் நெருங்கும்போது அவற்றின் தனித்த எலக்ட்ரான் இணைகள் ஒன்றையொன்று விலக்குகின்றன. அந்த ஒற்றைப் பிணைப்பு நலிந்துவிடுகிறது. இந்த இரண்டு வாக்கியங்களை நன்றாக வாங்கிக்கொண்ட மாணவர் பாடநூலில் வெவ்வேறு பக்கங்களில் சிதறிக் கிடக்கும் பல “காரணம் கூறு” வினாக்களுக்கு விடை எழுதிவிடலாம். நைட்ரஜன் ஏன் கார்பனைப்போல நீண்ட சங்கிலி அமைப்பதில்லை, ஹைட்ரஜன் பெராக்சைடில் ஆக்சிஜன்களுக்கு இடையிலான பிணைப்பு ஏன் எளிதில் அறுகிறது, புளூரின் மூலக்கூறின் பிணைப்பு ஏன் குளோரினுடையதைவிட வலுக்குறைந்தது ஆகிய மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்.

அடுத்து 14-ஆம் தொகுதி. கார்பன் டைஆக்சைடு வாயு. சிலிக்கா ஏறத்தாழ 1,700 டிகிரி செல்சியஸில்தான் உருகும் திண்மம். ஒரே தொகுதி, ஒரே வாய்பாட்டு அமைப்பு, இவ்வளவு வேறுபாடு. கார்பன் சிறியது, ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பு அமைத்துத் தனி மூலக்கூறாக நின்றுவிடுகிறது. சிலிக்கனுக்கு அது கட்டுப்படியாகாது, அதனால் நான்கு ஆக்சிஜன்களோடு ஒற்றைப் பிணைப்பு அமைத்து முடிவில்லாத வலைப்பின்னலாகிறது. நைட்ரஜனுக்கும் பாஸ்பரஸுக்கும் போட்ட அதே கூட்டல்தான் இங்கும். பாலாற்றில் தண்ணீர் வருவதே அபூர்வம் என்று நாம் அலுத்துக்கொள்கிறோம். வறண்ட அந்த ஆற்றில் கிடக்கும் மணலின் பெரும்பகுதி இந்த வலைப்பின்னல்தான்.

சிலிகேட்டுகளின் வகைகளை மாணவர்கள் பெயர்ப்பட்டியலாக உருப்போடுகிறார்கள். அதற்கு அவசியமே இல்லை. ஒரு சிலிக்கனும் அதைச் சுற்றி நான்கு ஆக்சிஜன்களும் சேர்ந்த நான்முகி ஒன்று தன் ஆக்சிஜன்களில் எத்தனையை அண்டை நான்முகிகளோடு பங்கிட்டுக்கொள்கிறது என்று மட்டும் எண்ணினால் போதும். எதையும் பங்கிடாவிட்டால் ஆர்த்தோ சிலிகேட், ஒன்றைப் பங்கிட்டால் பைரோ சிலிகேட், இரண்டு என்றால் வளையம் அல்லது சங்கிலி, மூன்று என்றால் தாள், நான்கும் என்றால் முப்பரிமாண வலை. வேலூரில் இருப்பவர்களுக்கு இதைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பும் இருக்கிறது. ஊரைச் சுற்றி நிற்கும் மலைகளும் கோட்டை மதிலும் கருங்கல். கோட்டைச் சுவரைப் போய் யாரும் சுரண்ட வேண்டாம், தொல்லியல் துறை சும்மா விடாது. வீடு கட்டும் இடத்தில் கொட்டிக் கிடக்கும் கருங்கல் துண்டு ஒன்று போதும். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் கண்ணாடிபோல் தெரிவது குவார்ட்ஸ், வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ தெரிவது பெல்ட்ஸ்பார். இரண்டும் நான்கு ஆக்சிஜன்களையும் பங்கிட்ட வகை, நகத்தால் கீறினால் எதுவும் ஆகாது. இடையிடையே கறுப்பாக மினுங்கும் புள்ளிகள் மைக்கா. ஊசி முனையால் நெம்பினால் மைக்கா மட்டும் மெல்லிய தாளாக உரிந்து வரும். மூன்று ஆக்சிஜன்களைப் பங்கிட்டால் தாள் அமைப்பு என்று பாடநூல் சொல்வதை விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும் அந்தச் செதில் காட்டிவிடுகிறது.

14-ஆம் தொகுதியில் கீழே இறங்கினால் இரண்டாவது பெரிய காரணம் வந்து சேர்கிறது: மந்த இணை விளைவு. கனமான தனிமங்களில் கடைசிக் கூட்டின் எஸ் எலக்ட்ரான்கள் இரண்டும் பிணைப்பில் பங்கெடுக்கத் தயங்குகின்றன. அதனால் தொகுதியின் வழக்கமான ஆக்சிஜனேற்ற நிலையைவிட இரண்டு குறைந்த நிலையே நிலைத்ததாகிறது. தாலியத்துக்கு +1, காரீயத்துக்கு +2, பிஸ்மத்துக்கு +3. இந்த மூன்று எண்களை வைத்துக்கொண்டு வினாத்தாளில் பாதி வழி போய்விடலாம். வெள்ளீயம் +2 நிலையிலிருந்து +4-க்குப் போக விரும்புவதால் அதன் டைகுளோரைடு ஒடுக்கியாக, அதாவது எலக்ட்ரானைக் கொடுப்பதாக, செயல்படுகிறது. காரீயம் +4-லிருந்து +2-க்கு இறங்க விரும்புவதால் காரீய டைஆக்சைடு வலிமையான ஆக்சிஜனேற்றி, அதாவது எலக்ட்ரானைப் பறிப்பது. பிஸ்மத் +5 நிலையில் இருக்கும் சோடியம் பிஸ்மத்தேட் மாங்கனீசு உப்பைப் பெர்மாங்கனேட்டாகவே ஆக்சிஜனேற்றம் செய்துவிடும்.

மின்வெட்டுக்கு அஞ்சி இன்வெர்ட்டர் வாங்கி வைக்காத வீடு இப்போது நம் பக்கத்தில் குறைவு. அந்த இன்வெர்ட்டர் பேட்டரி ஓடுவதே காரீயத்தின் இந்த விருப்பத்தால்தான். நேர்மின் தகட்டில் காரீய டைஆக்சைடு +4 நிலையில் இருக்கிறது; எதிர்மின் தகட்டில் தனிமக் காரீயம் பூச்சிய நிலையில் இருக்கிறது; மின்சாரம் எடுக்கும்போது இரண்டு தகடுகளும் +2 நிலையிலுள்ள காரீய சல்பேட்டாக மாறுகின்றன. மேலிருப்பது இறங்கி வருகிறது, கீழிருப்பது ஏறி வருகிறது, இரண்டும் +2-இல் சந்திக்கின்றன. இதைச் சொல்லும்போது பாடத்திட்டத்துக்கு வெளியே இருந்து ஒரு செய்தியையும் சேர்த்துவிடுவேன், ஆர்வமுள்ள பிள்ளைகளின் கண்கள் விரிவதைப் பார்க்கும் ஆசைதான். காரீய அணுவின் உள்ளே எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தோடு ஒப்பிடத்தக்க வேகத்தில் இயங்குவதால், ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கைப்படி அந்த எஸ் ஆர்பிட்டால் சுருங்கி இறுகுகிறது. ஒரு மின்கலம் தரும் ஏறத்தாழ 2.1 வோல்ட்டில் 1.7 முதல் 1.8 வோல்ட் வரை இந்தச் சார்பியல் விளைவால் வருவது என்று 2011-இல் வெளியான ஓர் ஆய்வுக் கணக்கு காட்டியது. தேர்வில் இதை எழுத வேண்டியதில்லை.

இவ்வளவும் கைவந்த பிறகு போரானுக்குப் போனால் அது அவ்வளவு மிரட்டாது. போரானின் குறை ஒன்றே: அதன் இணைதிறன் கூட்டில் மூன்று எலக்ட்ரான்கள்தான், மூன்று பிணைப்பு அமைத்தாலும் எண்மம் (எட்டு எலக்ட்ரான் கணக்கு) நிறைவதில்லை. அந்தக் குறையை அது எப்படி ஈடுகட்டுகிறது என்று பார்ப்பதே போரான் வேதியியல். டைபோரேனில் இரண்டு ஹைட்ரஜன்கள் பாலமாக நின்று, மூன்று மையங்களுக்கு இரண்டே எலக்ட்ரான்கள் என்ற பிணைப்பை உண்டாக்குகின்றன. போரான் டிரைபுளூரைடில் புளூரின் தன் தனித்த இணையைப் போரானுக்குத் திருப்பித் தருகிறது. அதனால்தான் புளூரைடைவிடக் குளோரைடும், குளோரைடைவிடப் புரோமைடும் வலிமையான லூயி அமிலங்கள் (எலக்ட்ரான் இணையை வாங்கிக்கொள்பவை). எலக்ட்ரான் கவர்தன்மையை மட்டும் பார்த்து வரிசையைத் தலைகீழாக எழுதுகிறவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். போரிக் அமிலம் தன்னிடமுள்ள ஹைட்ரஜனைக் கொடுப்பதில்லை. நீரிடமிருந்து ஹைட்ராக்சைடு அயனியை வாங்கிக்கொள்கிறது. ஆகவே மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகள் இருந்தும் அது ஒற்றைக் காரத்துவ அமிலம்; ஒரு மூலக்கூறு ஒரு ஹைட்ரஜன் அயனிக்கு மட்டுமே வழிசெய்கிறது.

அந்தப் போரிக் அமிலத்தை மாணவர்கள் எல்லோரும் தொட்டிருக்கிறார்கள், தெரியாமல். தெருமுனைகளில் கேரம் ஆடும்போது பலகையில் தூவும் போரிக் பவுடர் அதுவேதான். அதன் தட்டையான மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றோடொன்று கைகோத்து அடுக்கடுக்கான தாள்களாக அமைகின்றன; தாளுக்கும் தாளுக்கும் இடையே உள்ள விசை வலுக்குறைந்தது; ஆகவே ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகிறது, காய் ஓடுகிறது. கிராபைட்டு உயவுப் பொருளாக இருப்பதற்கும் இதே அடுக்கமைப்புதான் காரணம் என்று எழுதினால் இரண்டு வினாக்களுக்கு ஒரே விடை ஆகிவிடும். வெண்காரம், படிகாரம் இரண்டுக்கும் தயாரிப்பையும் பயனையும் மட்டும் ஒருமுறை எழுதிப் பார்த்துவிட்டு நகரலாம். கேலியத்தின் உருகுநிலை ஏறத்தாழ 29.8 டிகிரி என்பதை நம் ஊர்ப் பிள்ளைகள் மறக்கவே முடியாது; கோடையில் நம் வகுப்பறையில் அது திண்மமாக இருக்கச் சாத்தியமில்லை.

மூன்று தொகுதிகள் முடிந்ததும் வகுப்புக்கு ஒரு தீப்பெட்டியைக் கொண்டுபோவேன். குடியாத்தம் தீப்பெட்டித் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர், எங்கள் பிள்ளைகளில் சிலரின் வீட்டிலும் அந்த வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. ஒருமுறை, குச்சி முனையில் உள்ள மருந்தும் பெட்டியின் பக்கவாட்டில் உள்ள பழுப்புப் பட்டையும் ஒன்றா வேறா என்று கேட்டபோது, பாடநூலைத் திறக்காமலே ஒரு மாணவி எழுந்து சொன்னாள்: “வேற வேற சார். ரெண்டையும் ஒரே ரூம்ல வெக்கவே மாட்டாங்க, தனித்தனியாத்தான் கலக்குவாங்கன்னு எங்கம்மா சொல்லும்.” அவளுடைய தாயார் சொன்னதில் இரண்டு தொகுதிகளின் வேதியியல் முழுதாக அடங்கியிருக்கிறது.

குச்சி முனையில் முதன்மையாக இருப்பது பொட்டாசியம் குளோரேட். குளோரின் அதில் +5 நிலையில் இருக்கிறது, குளோரைடாகி −1-க்கு இறங்கத் துடிக்கிறது, இறங்கும்போது ஆக்சிஜனை விடுவிக்கிறது. கூடவே எரிவதற்குக் கந்தகம், சில தயாரிப்புகளில் ஆண்டிமனி சல்பைடு, உராய்வுக்குக் கண்ணாடித் தூள், எல்லாவற்றையும் பிடித்துவைக்கப் பசை. பெட்டியின் பட்டையில் சிவப்பு பாஸ்பரஸும் கண்ணாடித் தூளும் இருக்கின்றன. உரசும்போது எழும் வெப்பத்தில் மிகச் சிறிதளவு பாஸ்பரஸ் குளோரேட்டோடு சேர்ந்து பற்றுகிறது. அந்தப் பொறியில் குளோரேட் ஆக்சிஜனைக் கொடுக்க, கந்தகம் எரிகிறது, பிறகு மெழுகு தோய்ந்த குச்சி பிடித்துக்கொள்கிறது. பாஸ்பரஸும் ஆண்டிமனியும் 15-ஆம் தொகுதி, கந்தகமும் ஆக்சிஜனும் 16, குளோரின் 17, கண்ணாடியின் சிலிக்கன் 14. ஒடுக்கியையும் ஆக்சிஜனேற்றியையும் பிரித்து வைத்திருப்பதே பாதுகாப்புத் தீக்குச்சியின் சூட்சுமம்; ஆலையில் இரண்டு அறைகள் இருப்பதும் அதனால்தான். இவற்றை வீட்டில் யாரும் கலந்து பார்க்கக் கூடாது என்பதையும் வகுப்பில் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன்.

இந்தத் தீப்பெட்டியே வெண் பாஸ்பரஸுக்கும் சிவப்பு பாஸ்பரஸுக்கும் உள்ள வேறுபாட்டைக் கற்பிக்கப் போதுமானது. வெண் பாஸ்பரஸின் நான்முகியில் பிணைப்புக் கோணம் 60 டிகிரி. இயல்பான கோணத்தைவிட மிகக் குறுகலானது. அந்த இறுக்கத்தால் அது வினைத்திறன் மிக்கது. 30 டிகிரியை ஒட்டிய வெப்பநிலையிலேயே காற்றில் பற்றிக்கொள்ளும் என்பதால் அதை நீருக்குள் வைக்கிறார்கள். சிவப்பு பாஸ்பரஸில் ஒவ்வொரு நான்முகியிலும் ஒரு பிணைப்பு அறுந்து, அடுத்த நான்முகியோடு சேர்ந்து சங்கிலியாகிவிடுகிறது. இறுக்கம் தளர்கிறது, வினைத்திறனும் குறைகிறது. முற்காலத்தில் வெண் பாஸ்பரஸைக் கொண்டு தீக்குச்சி செய்த தொழிலாளர்களுக்குத் தாடை எலும்பு அரித்துப்போகும் கொடிய நோய் வந்தது. 1906-இல் பெர்ன் நகரில் நாடுகள் கூடி அதைத் தடைசெய்யும் உடன்படிக்கை செய்தன; இந்தியாவில் 1913-ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய தீக்குச்சிகளைத் தடைசெய்தது. ஒரே தனிமத்தின் ஒரு புறவேற்றுமை வடிவத்தை விட்டு இன்னொன்றுக்கு மாறியதால் எத்தனை பேருடைய தாடைகள் தப்பின என்று நினைத்துப் பார்த்தால், “வேறுபடுத்துக” என்ற மூன்று மதிப்பெண் வினாவை இவ்வளவு சலிப்போடு எழுதத் தோன்றாது.

பாஸ்பரஸின் ஆக்சிஅமிலங்களில் பெயர்க் குழப்பத்துக்குப் பயப்படாமல் அமைப்பை வரைந்துவிட வேண்டும். பாஸ்பாரிக், பாஸ்பரஸ், ஹைப்போபாஸ்பரஸ் அமிலங்கள் மூன்றிலும் ஹைட்ரஜன் மூன்றுதான். ஆக்சிஜனோடு சேர்ந்த ஹைட்ரஜன் மட்டுமே அமிலத்தன்மை உடையது; பாஸ்பரஸோடு நேரடியாகச் சேர்ந்த ஹைட்ரஜன் ஒடுக்கும் பண்பைத் தருகிறது. எனவே காரத்துவம் முறையே மூன்று, இரண்டு, ஒன்று என இறங்குகிறது. ஒடுக்கும் திறன் அதே வரிசையில் ஏறுகிறது. ஹைப்போபாஸ்பரஸ் அமிலம் வெள்ளி நைட்ரேட்டிலிருந்து வெள்ளியையே பிரித்துவிடுவது அதன் இரண்டு பாஸ்பரஸ்-ஹைட்ரஜன் பிணைப்புகளால். படம் ஒன்று, வினாக்கள் நான்கு.

16-ஆம் தொகுதிக்கு ராணிப்பேட்டை நல்ல துணை. பாரி நிறுவனம் 1906-இல் அங்கே உரத் தொழிற்சாலை தொடங்கியது. சூப்பர் பாஸ்பேட் அதன் பொருள். பாறையில் கிடைக்கும் கால்சியம் பாஸ்பேட் நீரில் கரையாது, பயிரால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. கந்தக அமிலத்தோடு வினைப்படுத்தினால் கரையக்கூடிய கால்சியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டும் கூடவே ஜிப்சமும் கிடைக்கின்றன. அந்தக் கந்தக அமிலத்தைத் தொடு முறையில் தயாரிக்கும் நிபந்தனைகளை மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டும்: வனேடியம் பென்டாக்சைடு, ஏறத்தாழ 720 கெல்வின், 2 பார் அழுத்தம். அம்மோனியா தயாரிக்கும் ஹேபர் முறைக்கு இரும்பு, ஏறத்தாழ 700 கெல்வின், 200 வளிமண்டல அழுத்தம். ஆனால் எண்ணை மட்டும் எழுதினால் பாதி மதிப்பெண்தான் கிடைக்கும். இரண்டும் வெப்பம் உமிழும் வினைகள். குறைந்த வெப்பநிலையில் விளைபொருள் மிகும் என்று லீ சாட்லியர் கொள்கை சொல்கிறது. ஆனால் குறைந்த வெப்பநிலையில் வினை நத்தை வேகத்தில் போகும். ஆகவே இடைப்பட்ட வெப்பநிலையும் வினைவேகமாற்றியும். அம்மோனியாவுக்கு அவ்வளவு அழுத்தம் தேவைப்படும்போது கந்தக டிரைஆக்சைடுக்கு ஏன் தேவையில்லை? குறைந்த அழுத்தத்திலேயே மாற்றம் பெரும்பாலும் முடிந்துவிடுவதால் கூடுதல் அழுத்தத்துக்குச் செலவழிப்பது வீண். டிரைஆக்சைடை நேரே நீரில் செலுத்தினால் அமிலப் புகைமூட்டமாகிவிடும் என்பதால் 98 சதவீத அமிலத்தில் கரைத்து ஓலியமாக்குகிறார்கள் (டிரைஆக்சைடு கரைந்த கந்தக அமிலம்) என்பதையும் ஒரு வரியில் சேர்த்தால் ஐந்து மதிப்பெண் நிறைவாகும்.

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஹைட்ரஜன் சல்பைடின் மணத்தை விளக்க வேண்டியதே இல்லை. தோல் பதனிடும்போது மயிரை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடைச் சேர்க்கிறார்கள். அடுத்த கட்டத்தில் சுண்ணாம்பை எடுக்க அம்மோனிய உப்புகளைச் சேர்க்கும்போது அம்மோனியா கிளம்புகிறது. சல்பைடு கலந்த கழிவோடு அமிலம் சேர்ந்தால் உயிரைக் குடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வெளிப்படும். நீர், ஹைட்ரஜன் சல்பைடு, செலினைடு, டெலுரைடு என்று கீழே போகப் போக அமிலத்தன்மை கூடுகிறது, ஏனெனில் அணு பெரிதாகப் பெரிதாக ஹைட்ரஜனோடு உள்ள பிணைப்பு வலுக்குறைகிறது. கொதிநிலை வரிசையில் மட்டும் நீர் தனித்து உயர்ந்து நிற்கும், காரணம் ஹைட்ரஜன் பிணைப்பு. 15-ஆம் தொகுதி ஹைட்ரைடுகளில் அம்மோனியா கொதிநிலையில் பாஸ்பீனையும் ஆர்சினையும் (பாஸ்பரஸ், ஆர்செனிக் ஹைட்ரைடுகள்) முந்தினாலும் ஆண்டிமனி ஹைட்ரைடான ஸ்டிபீனை முந்தவில்லை. மாணவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடும் இடம் இது.

ஹாலஜன்களில் புளூரினின் முரண்பாடுகளைத் தனியே எழுதி வைத்துக்கொண்டால் போதும். எலக்ட்ரான் நாட்டத்தில், அதாவது ஓர் எலக்ட்ரானை ஏற்கும்போது வெளிவிடும் ஆற்றலில், குளோரின்தான் முதலிடம், புளூரின் அன்று. சிறிய அணுவுக்குள் ஏற்கெனவே நெருக்கிக்கொண்டிருக்கும் எலக்ட்ரான்கள் புதியதை விலக்குகின்றன. பிணைப்பு ஆற்றலும் புளூரினுக்கு 158, குளோரினுக்கு 242, புரோமினுக்கு 193, அயோடினுக்கு 151 என்ற வரிசையில் வருகிறது. அப்படியிருந்தும் புளூரினே வலிமையான ஆக்சிஜனேற்றி. வலுக்குறைந்த அந்தப் பிணைப்பு எளிதில் உடைவதும், புளூரைடு அயனி நீரேற்றம் அடையும்போது வெளிவிடும் பேராற்றலும் சேர்ந்து அந்தக் குறையை ஈடுசெய்துவிடுகின்றன.

மந்த வாயுக்களுக்கு வந்ததும் பிள்ளைகளுக்கு மூச்சு வருகிறது, பாடம் சிறியது. ஆக்சிஜன் மூலக்கூறின் அயனியாக்கும் ஆற்றல் 1175 கிலோஜூல், செனானுக்கு 1170. ஆக்சிஜனிடமிருந்து எலக்ட்ரானைப் பறித்த பிளாட்டினம் ஹெக்சாபுளூரைடு செனானிடமிருந்தும் பறிக்கும் என்று நீல் பார்ட்லெட் 1962-இல் சிந்தித்தார், பறித்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதன் பலனுக்கு இதைவிடச் சிறந்த சான்று இந்தப் பாடத்தில் இல்லை. செனானின் புளூரைடு வடிவங்களை மனப்பாடம் செய்ய வேண்டாம்: செனானின் எட்டு எலக்ட்ரான்களில் புளூரின்களுக்குக் கொடுத்தது போக மிச்சத்தை இரண்டால் வகுத்தால் தனித்த இணைகளின் எண்ணிக்கை. டைபுளூரைடில் மூன்று, ஆகவே நேர்கோடு. டெட்ராபுளூரைடில் இரண்டு, ஆகவே தளச் சதுரம். ஹெக்சாபுளூரைடில் ஒன்று, ஆகவே உருக்குலைந்த எண்முகி.

இத்தனைக்கும் பிறகு மனப்பாடப் பகுதி என்று உண்மையிலேயே எஞ்சுவது அதிகமில்லை: தாதுக்களின் பெயர்கள், நான்கைந்து தொழில்முறைத் தயாரிப்புகளின் நிபந்தனைகள், நைட்ரஜன் ஆக்சைடுகளின் நிறங்கள், நைட்ரிக் அமிலமும் அடர் கந்தக அமிலமும் உலோகங்களோடு தரும் சமன்பாடுகள். சமன்பாடுகளைப் படித்துப் பயனில்லை, எழுத வேண்டும். எழுதியபின் இரு பக்கத்து அணுக்களையும் எண்ண வேண்டும். தாமிரத்தோடு நீர்த்த நைட்ரிக் அமிலம் நைட்ரிக் ஆக்சைடையும், அடர் அமிலம் நைட்ரஜன் டைஆக்சைடையும் தரும் என்பதை மாற்றி எழுதுகிறவர்கள் ஏராளம். பழுப்புப் புகை அடர் அமிலத்துக்கு உரியது என்று ஒருமுறை ஆய்வகத்தில் பார்த்தவர்கள் மாற்றுவதில்லை. திருத்துகிறவரின் பக்கத்திலிருந்தும் ஒன்று சொல்லலாம்: சமன்படுத்திய சமன்பாடும் பெயரிட்ட படமும் இருந்தால், அதைச் சுற்றியுள்ள வாக்கியம் சற்றுத் தடுமாறினாலும் மதிப்பெண் கிடைத்துவிடும்; அரைப்பக்க விளக்கம் எழுதிச் சமன்பாட்டை விட்டவருக்குக் கிடைக்காது.